நோயாளி பெயர்: சிங்காரம்

நாய்க்கென்று விற்கும் டப்பா
மூவாயிரத்து இருநூறு.
அதே மருந்து மனிதர் அட்டையில்
நாலில் ஒரு பங்குதான் என்று
குரலைத் தாழ்த்திச் சொன்னார் டாக்டர்.

லிங்கராஜபுரத்தில் மூன்றாம் மாடி.
படியில் இருமுறை மயங்கி விழுந்தவனை
மடியில் கிடத்திக்கொண்டு
கைப்பேசியில் படிவம் நிரப்புகிறேன்.
பெயர்: சிங்காரம். வயது: பதினொன்று. பாலினம்: ஆண்.
வால் உண்டா என்று கேட்கவில்லை.

பத்து நிமிடத்தில் மருந்தாளுநர் அழைத்தாள்,
கன்னடம் கலந்த தமிழ்:
"மேடம், பதினோரு வயசுப் பையனுக்கு
இந்த மாத்திரையா?"
எதற்கென்று ஊருக்கே தெரியும்,
ஆண்கள் தலைகுனிந்து வாங்குவது.
"பையன் இல்லீங்க, நாய்.
நுரையீரல்ல ரத்த அழுத்தம்."
சிரிப்பை விழுங்கும் சத்தம்.
சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள்,
சற்று நேரம் பேச்சில்லை.
பிறகு,
"ஐம்பது வாங்கி ரெண்டா ஒடைங்க மேடம்.
இருபத்தஞ்சவிட அதான் லாபம்."

பணம் கட்டும் பக்கத்தில் கடைசிக் கேள்வி:
ஒரு மாதமா, மூன்றா, ஆறா?
ஆறுக்கு இருபத்திரண்டு சதவீதம் தள்ளுபடி.

டாக்டரிடம் நான் கேட்காமல் வந்த கேள்வி.

சிங்காரத்தின் விலா
ஏறி, நின்று,
இறங்குகிறது.
தக்காளிக்காரனிடம் ரெண்டு ரூபாய்க்குக்
கால்மணி நேரம் நிற்பவள் நான்,
கணக்கில் கெட்டி.
ஒன்றைத் தொட்டேன். அழித்தேன்.

ஆறைத் தொட்டதும் கரண்ட் போனது.
திரையில் வட்டம்
சுற்றிக்கொண்டே இருக்கிறது.
இவனும் படுக்குமுன் அப்படித்தான்,
ஒரே இடத்தில் மூன்று சுற்று.