நேரில் இருந்து செய்தது போல்

பாலக்கோடு சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே என் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ்,
வருகிறவர்களுக்கு ஒரு கால் ஆடும் நாற்காலி.
எதிர்ப் பலகையிலேயே இருக்கிறது ஒரு சார்;
முழுப் பதிவாளர் எங்கே என்று
யாரும் கேட்டதில்லை.

முகவர் என்று அடிக்கும்போதெல்லாம்
உள்ளே ஒரு முகம் தட்டுப்படும்.
யாருடையது என்று தெரியாது.
கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பாஷா பாய்
முக்தியார் என்பார்,
சொல்லுக்குச் சால்வை போர்த்திய மாதிரி.
பேங்கில் நாமினி: காத்திருப்பது மட்டுமே அவர் வேலை.
தேர்தல் வந்தால் பூத் ஏஜெண்டு,
அவருக்கு மத்தியானம் பொட்டலம் உண்டு.
பினாமி என்று யாரும் அடிக்கச் சொன்னதில்லை,
ஊரில் அவருக்குத்தான் நிலம் அதிகம்.
தலைவி வீட்டில் மாவரைத்துக்கொண்டிருக்க
அவள் நாற்காலியில் உட்காரும் புருஷனுக்கு
இன்னும் சொல் பிறக்கவில்லை.
தலைவரே என்கிறார்கள்.

சின்னபாப்பா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது
எனக்குத்தான் பவர் எழுதினாள்.
அடித்ததும் நான், முகவரும் நான்.
நாற்பத்திரண்டு சென்ட் நிலம், ஒரு கிணற்றுப் பங்கு,
ஒன்பது வயது மோனிஷா.
(மோனிஷா பத்திரத்தில் இல்லை.)
பதினான்கு ஷரத்து, கடைசியில் எப்போதும் வரும் வரி:
மேற்படியார் செய்யும் காரியங்கள் அனைத்தையும்
நானே நேரில் இருந்து செய்தது போல்
ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அப்படியென்றால்
கிலோ மூன்று ரூபாய்க்கு வந்த வருஷம்
அறுப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று
தக்காளியை வரப்போரம் கொட்டச் சொன்னது
நீதான், சின்னபாப்பா.
மண்டி வாசலில் நின்று கெட்ட வார்த்தை பேசியதும் நீ.
ஸ்கூலில், பெற்றோர் சாய்கோடு காப்பாளர்,
தேவையற்றதை அடிக்கவும் என்ற இடத்தில்
நாலு வருஷமாக உன்னை அடித்ததும்
நீயேதான்.

பதினைந்தாவது ஷரத்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
பாவாடையைப் பின்னால் சுருட்டிப் பிடித்தபடி
கடைப் படியில் நின்றாள் மோனிஷா.
பேப்பரில் சுற்றிய பாக்கெட்டை வாங்கி வந்து
ஷட்டரைப் பாதி இறக்கி
எப்படி வைப்பது என்று காட்டினேன்.
உன் மேடம் வெள்ளிக்கிழமைதான் போன் தருவாள்.
அந்த மூன்று நாள்
உனக்கே தெரியாமல் நீயாக இருந்தேன்.
வெள்ளிக்கிழமை சொன்னபோது
நீ முதலில் கேட்டது:
அழுதாளா?
இல்லை என்றேன்.
அழுதது யார் என்று நீ கேட்கவில்லை.

போன தையில் வந்துவிட்டாள்.
கையில் அத்தர் பாட்டில், பாதாம்,
முழங்கையில் எண்ணெய் சுட்ட தழும்பு.
ஒரு வாரம் கழித்து அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து,
பவரை ரத்து பண்ணணும் பூங்காவனம், என்றாள்,
தப்பா நெனச்சுக்காத.
இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது.
வந்தவள் வந்துவிட்டாள்.

அடித்தேன்:
இன்று முதல் மேற்படி பூங்காவனம்
என் பெயரால் செய்யும் எந்தக் காரியமும்
என்னைக் கட்டுப்படுத்தாது.
பூங்காவனம் என்பதில் ஒரு கால் விட்டுப்போய்
பூங்கவனம் என்று விழுந்தது.
அவள் கவனிக்கவில்லை. நான் திருத்தினேன்.
டைப்பிங் முந்நூறு ரூபாய்.
வேண்டாம் என்பேனென்று நினைத்திருப்பாள்;
வாங்கிக்கொண்டேன்.

ஜூனில் மோனிஷா ஒரு படிவத்தோடு ஓடிவந்தாள்.
அம்மா தூங்குது, நீயே போட்டுடு.
எழுப்பு, என்றேன்.
போகாமல் கொஞ்ச நேரம்
ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.
எழுப்பு போ.

சாயங்காலம் பேனாவுக்கு ரீஃபில் மாற்றி
எழுதுகிறதா என்று பார்க்க
வீணான ஜெராக்ஸின் பின்பக்கத்தில் கிறுக்கினேன்.
சின்னபாப்பாவுக்காக,
என்று எழுதியது கை.
கமாவும் போட்டது.
அதற்குக் கீழே வரவேண்டிய பெயரை
எழுதாமல்
மூடியைப் போட்டேன்.