வெள்ளிடை மலை

மேல்முறையீட்டுக் கட்டோடு
நான் அம்பாசமுத்திரம் வந்த அன்று சாரல்.
மாடிச் சன்னலில் நிற்க வேண்டிய பொதிகையைக் காணோம்.
அது இருந்த இடத்தில்
துவைத்துப் பிழியாத துணி மாதிரி வானம்.

அதிகாரி ஒரே வரியில் நிராகரித்திருந்தார்:
"இத்துறை தேர்ந்தவருக்கு இது வெளிப்படை."
அவர் தரப்பு வாதத்தில் இன்னும் ஒரு படி மேலே:
"வெள்ளிடை மலை போல."

இத்துறை தேர்ந்தவர்.
சட்டம் பெற்றுப் போட்ட பிள்ளை, ஊர் பேர் கிடையாது.
காகிதப் பூச்சு பற்றி உலகம் எழுதிய அத்தனையும் படித்திருப்பார்,
ஜப்பான் மொழி உட்பட.
ஒரு ராத்திரியாவது தூக்கம் கெட்டு
எழுந்து உட்கார்ந்தவர் இல்லை.
இரண்டு நாளாக என் எதிர் நாற்காலியில் அவர்தான்.
காபி கூட வேண்டாம் என்கிறார்.

மனுதாரர் ஆவுடைநாயகம்,
வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் வேதியியலாளர்.
நெய் குடிக்காத தாளுக்கு உரிமை கேட்கிறார்.
மரவள்ளி மாவு, மெழுகுப் பால், வெள்ளைக் களிமண்.
மூன்றும் பழசு.
மாவு ஜெர்மன்காரரிடம், மெழுகு ஒசாகாவில்,
களிமண் எல்லோரிடமும்.
சேர்த்துக் கலக்க எவருக்குத்தான் தெரியாது என்று
பென்சிலால் ஓரத்தில் நானும் எழுதிவிட்டேன்,
சனிக்கிழமை பதினோரு மணிக்கு.

அப்புறம்தான் உறைத்தது:
கோரிக்கையை முதலில் படித்திருக்கிறேன்,
பழையவற்றைப் பின்னால்.
விடை கேட்டவளுக்கு விடுகதை ஏது?

கோரிக்கைத் தாளைக் கவிழ்த்து
மேலே பருப்பு டப்பாவை வைத்தேன்.
பழசை மட்டும் மறுபடி.
ஜெர்மன்காரர்: நன்றாகக் காய்ந்த பின் பூசு.
ஒசாகா: காயாவிட்டால் மெழுகு திரியும், எச்சரிக்கை.
மூன்றாமவர்: காயவை, மறுபடி காயவை.
ஈரத்தில் என்று ஒருவர் வாயிலும் இல்லை.
எதிரே இருந்தவரைப் பார்த்தேன்.
அவர் உலர்த்தும் உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வக ஏட்டில் அறுபத்திரண்டு தோல்விகள்.
அடுத்தது இரவு 2.40, கரண்ட் போயிருக்கிறது.
உருளைகள் ஆறிப்போய், தாள் ஈரத்தோடு நிற்க,
கலவை வீணாகுமே என்று பூசியிருக்கிறார்.
காலையில் ஒரு சொட்டு நெய்.
பதினோரு மணி நேரம் கழித்தும்
சொட்டு சொட்டாகவே இருந்தது.

விசாரணையில் கேட்டிருந்தோம்: இதில் உங்கள் புதுமை என்ன?
"இதுல என்ன மேடம் இருக்கு,
ஈரத்துலயே பூசிட்டேன், அம்புட்டுதான்."
அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.
எதிர்த்தரப்பு எழுந்து, பதிவு செய்யவும் என்றது.
பதிவானது.

அடக்கம் ஒப்புதல் ஆகாது, என்று எழுதினேன்.
கரண்ட் போனது அவர் குற்றமும் இல்லை.
எப்படி வந்து சேர்ந்தாய் என்று சட்டம் கேட்பதில்லை,
அந்தப் பாதை முன்பே தெரிந்ததா என்றுதான்.
"தாள் ரொம்ப நல்லாருக்கு" என்று
பாளையங்கோட்டை அல்வாக் கடைக்காரர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தை
மரியாதையோடு ஓரம் வைத்தேன்.

முதல் கோரிக்கை, வெறும் கலவை: விழுகிறது.
நான்காவது, ஈரத்தில் பூசும் முறை: நிற்கிறது.
உடன் உறுப்பினர் ஒப்புவாரோ என்னவோ.
ஓரத்துப் பென்சில் வரியை நான் அழிக்கவில்லை.

திங்கள் காலை பஸ்ஸுக்கு நிற்கையில்
பத்து நிமிடம் மேகம் விலகி
மலை முழுசாக, மடிப்பு மடிப்பாக.
"அங்கனதான எப்பவும் நிக்கு" என்றார் டீ மாஸ்டர்.
நேற்று எங்கே நின்றது என்று கேட்க வாயெடுத்தேன்.
பஸ் வந்துவிட்டது.