நாற்பது ரூபாய் கூடுதல்

கணக்கு நேராகவில்லை.
நாற்பது ரூபாய் குறைந்திருந்தால்
கைப்பணத்தைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.
நாற்பது ரூபாய் அதிகமாக இருக்கிறது.

பகலில் எனக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா மெஷின்,
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
விடிவெள்ளி நற்பணி மன்றத்தின் நோட்டு.
ஆறு பேர் கமிட்டியில்
கூட்டல் தப்பாமல் போடுகிறவள் என்று
என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.

போன மே மாதம் எத்திராஜ் செத்தபோது
மகன் கத்தாரிலிருந்து வர இரண்டு நாள்.
வாடகைப் பெட்டிக்காரன் சொன்ன தொகைக்கு
வீட்டில் ஆள் இல்லை.
காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டியில்
ஐஸ் பாளம் வந்தது, மீனுக்கு அறுத்த ஐஸ்.
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
பதினாறாம் நாள் முடிந்த கூட்டத்தில்
தேசப்பன் எழுந்தான்:
"நம்மளே ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் வாங்கிப் போட்டா இன்னா?"
பழையது, முப்பத்தெட்டாயிரம்.

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எங்களுக்குக் கதவு திறந்த மாதிரி.
நிலக்கரி கூட்ஸ் கடந்து முடிப்பதற்குள்
உண்டியலோடு வரிசையின் வால்வரை போய்விடலாம்.
ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி, மணலி டேங்கர்.
எதுக்கு என்று கேட்டால் சொல்லவேண்டும்.
சொன்னால் முதலில் திட்டு,
"காலங்காத்தால சாவப் பத்திப் பேசுற",
அப்புறம் ஒரு பத்து ரூபாய்,
முகத்தைத் திருப்பிக்கொண்டே.

கேரம் போட்டியில் முதல் பரிசு மிக்ஸி.
ஜெயித்த நாகூர் கனி
"எங்கூட்ல கீது" என்று திருப்பிக் கொடுத்தான்.
அதையே குலுக்கலில் விட்டோம், சீட்டு இருபது ரூபாய்.
பியூலாவுக்கு விழுந்தது.
"இன்னொரு வாட்டி குலுக்குங்க" என்றாள்.
மறுபடி விழுந்தது பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு.
அவர் திருப்பித் தரவில்லை.
காலையில் அவர் வீட்டில் சட்னி அரைபடுகிற சத்தம் கேட்கிறது.
அதுவும் சரிதான்.

ஏழு ரசீது புத்தகம்.
அடிக்கட்டைகளை மூன்று தடவை கூட்டினேன்.
"கூடுனா நல்லதுதானக்கா" என்கிறான் தயாளன்.
நல்லதில்லை.
குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள்.
கூடினால்
யாரிடமோ நாம் கேட்காமல் விட்டிருக்கிறோம்.

கேட்க வேண்டாம் என்று
கமிட்டியில் முடிவு செய்த வீடுகள் மூன்று.
மழை வெள்ளத்தில் நாங்களே அரிசி கொடுத்த வீடுகள்.
அந்த வாசல்களில் மட்டும்
உண்டியலைக் குலுக்காமல்
கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.
இரண்டு இருபது ரூபாய் நோட்டு,
நனைந்து காய்ந்தவை.
ஒன்றின் மடிப்பில் ஒரு மீன் செதில்.
அந்த மூன்று வீட்டிலும்
மீன் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.
தனிக் கவரில் போட்டு வைத்தேன்.
மேலே எழுதப் பெயர் இல்லை.

நவம்பர். பெட்டி வந்து ஒன்பதாம் நாள்.
ஆறாம் நம்பர் மோசஸ்,
லோடு இறக்கிக்கொண்டிருந்தவர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.
ஐம்பத்திரண்டு வயது.
நாலு பேர் பெட்டியைத் தூக்கி
சந்தின் முனையில் சாய்த்துத் திருப்பி
உள்ளே வைத்த பிறகுதான் பார்த்தோம்:
பிளக் தடிமன் பின்.
தெருவில் எந்த வீட்டுச் சுவரிலும்
அவ்வளவு பெரிய ஓட்டை இல்லை.
முப்பத்தெட்டாயிரம் சேர்த்தோம்,
ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு
ஹார்டுவேர் கடை ஷட்டரைத் தட்டினேன்.
கண்ணைக் கசக்கிக்கொண்டே
எண்பத்தைந்து என்றார்.
கவரில் நாற்பது இருந்தது.

பெட்டி உறுமத் தொடங்கியபோது
தெருவிளக்கு ஒரு தரம் மங்கி நிமிர்ந்தது.
மோசஸின் மனைவி கண்ணாடிமேல் கை வைத்து
"சில்லுனு கீது" என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை.

விடிவதற்குள் நோட்டில் எழுதினேன்:
அடாப்டர் ஒன்று, நாற்பது ரூபாய்.
கணக்கு நேரானது.

அடுத்த வருஷம் பொருளாளராக வருகிறவர்
கடையில் விலை கேட்டால்
கண்டுபிடித்துவிடுவார்.