கொசுறு

ஏழு நாள் வேக வேண்டும் என்றார்கள்.
ஐந்து போதும் என்றான் மீன் வெட்டுகிறவன்.
எங்கள் வீட்டில் நான்குதான்,
இதுவரை யாரும் சாகவில்லை என்று
சில்லறை எண்ணினாள் எலுமிச்சைக்காரி.

பெலெம் நகரத்து ஆற்றோரச் சந்தையில்
மரவள்ளி இலையை எந்திரத்தில் அரைத்து
பச்சைச் சேறாகப் பையில் கட்டித் தருகிறார்கள்.
கிலோக் கணக்கில் விஷம்.
நான் மூன்று கிலோ வாங்கினேன்.
கீரைக்காரி இன்னொரு கட்டையும் எடுத்து
பையின் மேல் போட்டாள், கொசுறு.
மஞ்சள் மொட்டு வைத்த ஏதோ இலை.
பெயர் கேட்கவில்லை.

வங்கியில் தணிக்கை என் வேலை.
தெற்கே, காலையில் புல் வெளுத்துக் கிடக்கும் ஊரிலிருந்து
மாற்றலாகி வந்து மூன்று மாதம்.
எனக்குத் தெரிந்த கீரை முட்டைக்கோஸ்.
எனக்குத் தெரிந்த பழங்களைக் கத்தியால் நறுக்கலாம்.
இங்கே பாக்குரியைத் தரையில் ஓங்கி அடித்தேன்;
கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.
முருசி என்று ஒரு சின்ன மஞ்சள் பழம்,
கெட்டுப்போன பாலாடைக்கட்டி வாசம்.
இரண்டு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.
மூன்றாவது வாரம்
நானே தேடிப் போனேன்.

அந்தத் தைரியத்தில்தான்
அக்டோபர் திருவிழா ஞாயிறுக்கு
எட்டுப் பேரை அழைத்தேன்.
மனிசோபா செய்கிறேன் என்றேன்.
மேசைகள் ஒரு கணம் அமைதியாயின.
"நீங்களா?" என்றார் அதெல்மோ.
பிறகு மரியாதையாக,
"அடுப்பில் எப்போது ஏற்றுகிறீர்கள்?"

முந்தின ஞாயிறே ஏற்றினேன்.
பச்சை மெல்லக் கறுத்தது.
தலைமுடியில், தலையணையில்,
அலுவலகக் கோப்புகளில்கூட அதே வாசம்.
இரவில் அணைத்துவிட்டுத் தூங்குங்கள்,
விஷம் எங்கும் ஓடிவிடாது என்றார் காவலாளி.
அது ஓடத்தானே ஐயா அடுப்பே மூட்டினேன்.
இரண்டு மணிக்கொரு முறை அலாரம் வைத்து
எழுந்து வெந்நீர் ஊற்றினேன்.
வியாழன் இரண்டாவது சிலிண்டர்.
அன்றே உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, குடல்.

வெள்ளி இரவு பசி.
ஃப்ரிட்ஜில் வாடிக்கொண்டிருந்த கொசுறை
வெந்நீரில் ஒரு கொதி விட்டு
சோற்றின் மேல் வைத்தேன்.
அதன் மேல், ருசி பார்க்க மட்டும்,
பானையிலிருந்து அரைக் கரண்டி.

முதலில் உதடு.
யாரோ மின்சாரத்தைத் தொட்டுப் பூசியதுபோல.
பிறகு நாக்கு என்னுடையதில்லை.
வாய் முழுக்க எச்சில் ஊறியது.

அடுப்பை அணைத்தேன்.
சிலிண்டர் ரசீதின் பின்னால் நேரம் எழுதினேன், 11.42.
உண்டது என்ன, எவ்வளவு, இரண்டு பத்தியாக.
கோடும் போட்டேன்.
வந்து பார்ப்பவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று
பாத்திரங்களைக் கழுவினேன்.
அதற்கப்புறம்தான்
மாடிக்கு ஓடி ஜெனில்டாவை எழுப்பத் தோன்றியது.

பேருந்தில் கண்டக்டர் அவள்; நான்கரைக்கு எழ வேண்டியவள்.
வெறுங்காலோடு வந்தாள்.
பானையை மோந்தாள். கரண்டியை மோந்தாள்.
குப்பைக் கூடையில்
மஞ்சள் மொட்டுகளைப் பார்த்தாள்.

ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.
"ஜம்பு," என்றாள். "ஜம்பு! அது மரத்துத்தான் போகும்!"
மிச்சமிருந்த ஒரு காம்பை உருவி
தன் வாயிலும் போட்டுக்கொண்டு
எதிரே உட்கார்ந்தாள்.
பத்து நிமிஷம் இருவருக்கும் சொல் குழறியது.
என்ன பேசினோம் என்று
சரியாக நினைவில்லை.
அவளுடைய முதல் கணவனைப் பற்றி ஏதோ.
போகும்போது அடுப்பை அவள்தான் மூட்டினாள்.

ஞாயிறு எட்டுப் பேரும் வந்தார்கள்,
ஜெனில்டாவோடு ஒன்பது.
அதெல்மோ மூன்றாம் முறை போட்டுக்கொண்டு
உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.
இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சந்தையில்
ஜம்பு, இரண்டு கட்டு என்று
பெயர் சொல்லிக் கேட்டேன்.
கட்டிக் கொடுத்தவள்
பையின் மேல் இன்னொன்றைப் போட்டாள்.
நீண்ட இலை, ஓரத்தில் முள்.

நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.