எடுத்துக் கொடுத்த சொல்

நேசையன் ராவணன் கட்டிய பத்தொன்பது வருஷமும்
இடது படுதாவுக்குப் பின்னால் நான் நின்றேன்,
வசன நோட்டும் பென் டார்ச்சுமாக.
பகலில் மின்வாரிய வேலை. ராத்திரி இது.

ஞாயிறு காலை திங்கள்சந்தை சி.எஸ்.ஐ. கோயிலில்
காணிக்கைப் பை எடுப்பவர்
சனி இரவு பத்துத் தலையோடு சிவனை அழைத்தார்.
போதகர் ஒருமுறை கேட்டாராம்.
"தேவதூதனுக்கு எவன் அட்வான்ஸ் தாறான் ஐயரே?"

ஆனி மாதம். ஆரல்வாய்மொழி.
கணவாய்க் காற்று பந்தலைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
இரண்டாம் அங்கத்தில் கரண்ட் போனது
(எங்கள் ஆபீஸ்தான், விடிந்தால் என்னைத்தான் திட்டுவார்கள்).
மைக் செத்த பிறகும்
கடைசி வரிசை பீடிக்காரர்களுக்கு
ஓர் எழுத்துகூடச் சிந்தவில்லை.
காற்றுக்கு எதிராக அவர் கத்தவில்லை;
அது மூச்சு வாங்கும் இடம் பார்த்து
நடுவில் பேசினார்.

மூன்றாம் அங்கம். இந்திரஜித் விழுந்த செய்தி.
அங்கே மட்டும் தினமும் அவருக்கு அடைக்கும்.
"மகனே" என்று எடுத்துக் கொடுப்பேன்.
வாங்கமாட்டார். மறுபடி கொடுப்பேன்.
காதில் விழாத ஆள் மாதிரி கிரீடத்தைக் கழற்றி,
அது வெறும் அட்டை என்று அன்றுதான் கண்டதுபோல்
திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.
அது மறதி இல்லை என்று எனக்குப் புரிய
பதினோரு வருஷம் ஆனது.
அத்தனை வருஷமும் சம்பளம் வாங்கினேன்.

பிறகு சென்னை. சீரியல்.
பெரிய வீட்டு மாமனார்; ஆறாவது எபிசோடில்
மாடிப்படியில் தள்ளிவிட்டார்கள்.
கோமா.
இருநூற்றுப் பன்னிரண்டு எபிசோடு
மூக்கில் குழாயோடு கிடந்தார்.
"மூச்சு மட்டும் விடுங்க சார்,
அதையும் கொஞ்சம் குறைச்சு" என்றாராம் டைரக்டர்.
படுத்துக்கொண்டே மகளை நர்சிங் படிக்க வைத்தார்,
மாடி எடுத்தார், டைல்ஸ் போட்டார்.
"வே, பத்துத் தலை லேசு.
ஒருத்தி நம்ம நெஞ்சில விழுந்து ஏழு டேக் அழும்போ
கண்ணிமை ஆடாம கெடக்கணும்லா,
அதாக்கும் வேலை."

ஊருக்கு வந்தால் மீன்சந்தையில் லூர்துமேரி
சாளை எண்ணுவதை நிறுத்திக் கேட்பாள்:
"எப்பம் அண்ணே கண்ணு தொறப்பிய?
அந்த மூதேவி சொத்தை எழுதி வாங்கப் போறாளே!"
அவருக்கே தெரியாது. யாரும் சொல்லவில்லை.
ரெண்டு சாளை கூடப் போடுவாள்,
நோயாளிக்கு.

ஒருநாள் போன்:
"நாளைக்கு முழிக்கேன், பாரும்."
ஒரே ஒரு சொல் கொடுத்திருந்தார்கள். மருமகள் பெயர்.
வடசேரி வீட்டில் டிவிக்கு நெருக்கமாக நாற்காலி போட்டேன்.
கண் திறந்தார்.
சொல்லவில்லை.
அவர் நிறுத்தியது பத்து வினாடி இருக்கும்.
அதை எடிட்டர் ஏழு முகங்களுக்கு
மும்மூன்று தடவை பங்கிட்டு
இடி சேர்த்து
நடுவே ஒரு சோப்பும் விற்றார்.
எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கு அந்த இடம் தெரிந்தது:
காற்று ஓயக் காத்து நிற்கும் அதே மூச்சு.
என் வாய் தானாக எடுத்துக் கொடுத்தது,
மருமகள் பெயரை அல்ல.
"யாருகிட்ட பேசுதிய?" என்றாள்
அடுக்களையிலிருந்து என் பெண்டாட்டி.

ராத்திரி கூப்பிட்டார்.
"கேட்டுதா வே?"
"வசனமா? கேட்டுது."
"அது இல்ல. அதுக்கு முந்தினது."
நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்,
"அடுத்த வாரம் என்னைக் கொல்லுதாவ.
பேட்டா பாக்கி நிக்கி,
சாவதுக்கு முந்தி வாங்கணும்."