தண்ணிக் கணக்கு

எங்கள் தோட்டத்தில் பிரிவுகளுக்குப் பெயர் கணக்கு.
நான் மேல்கணக்கு, கவிதரன் கீழ்க்கணக்கு.
பரீட்சைக் கணக்கில் இருவரும் ஒரே இடம்:
போன தவணை முப்பத்தொன்று.

பொகவந்தலாவையில் ஆனி மாதம்
மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
விட்டால்தான் சொல்வோம்.

பத்தாம் தரம், விஞ்ஞானம், குழு ஒப்படை:
'உமது சூழலில் ஓர் அளவீடு.'
ஆய்வுகூட அலுமாரியின் சாவி
மாற்றலாகிப் போன ஒருவரின் சட்டைப்பையில்
பதுளைக்குப் போய்விட்டது.
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தராசை
மூன்று வருடமாகப் பார்த்துத்தான் படிக்கிறோம்.

மற்றக் குழு கொடிக்கம்பத்தின் நிழலை எடுத்துக்கொண்டது.
நிழலுக்கு வெயில் வேண்டும் என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டார்கள்.
மெர்லின் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்:
"மடுவத்துல தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே,
அந்த ரெண்டை யாரு நிறுத்தது?"

முத்துவேலு கடைத் தராசு
குக்கர் பெட்டிக்குள் ஏறி வந்தது.
அஞ்சு மணிக்குள் திரும்பணும், நனையக் கூடாது.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு குடை,
அதைத் தராசுக்குக் கொடுத்தோம்.

முதலில் தராசையே சந்தேகப்பட்டோம்.
ஒரு லீட்டர் தண்ணீர், வெறும் போத்தலைக் கழித்து:
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு.
நாலு கிராம் வழு.
வழு என்ற சொல்லை அன்றுதான் கையால் தொட்டேன்.

பிறகு கொழுந்து.
நனைந்த ஒரு கிலோவைத் துவாயில் கொட்டி
இரண்டு முனையிலும் பிடித்து, கசக்காமல் உருட்டி
(கசங்கினால் சாறும் தண்ணீராகிவிடும்,
இரண்டு நாள் அதிலேயே வீண்)
மறுபடி நிறுத்தோம்.
விரலெல்லாம் பச்சை. கொப்பியின் ஓரமும்.

பன்னிரண்டு கிலோக் கூடைக்கு:
பனி மட்டும் விழுந்த நாள், முந்நூறு கிராம்.
தூறலுக்கு எண்ணூற்றைம்பது.
வெயில் எட்டிப்பார்த்த செவ்வாய், பூச்சியம்.
அன்றைக்கும் ரெண்டு.

வரிசையில் நின்ற அம்மா
என் பென்சிலைப் பார்த்தாள்,
முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள், வியாழன்,
எதிர்மலையே தெரியாத மழை.
மூன்று தரம் நிறுத்தோம்.
மூன்று தரமும் இரண்டு கிலோ அறுநூறு.

"அழி" என்றான் கவிதரன்.
"இதக் காட்டினா மூணாக்கிடுவாங்க."
மெர்லின் அழிறப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.
எனக்கும் அழிக்கத்தான் ஆசை.
மூணானால் என் அம்மாவின் மூணு அது.

இரவு லயத்தில்
ஈரப் படங்கைப் பிழிந்துகொண்டே அம்மா கேட்டாள்:
"வியாழக்கிழமையா?
அன்னைக்குக் கழுத்து ஒடிஞ்சுச்சு.
தண்ணி இருந்தது மெய்தான். எழுது.
அந்தத் தண்ணிய மலையிலேருந்து எறக்கினது யாருன்னு எழுத
உங்க கொப்பியில எடம் இருக்கா?"

நிரல் பிரித்திருந்தோம்: திகதி, மழை, முன், பின்.
யார் என்று ஒரு நிரல் இல்லை.
அடிமட்டம் வைத்துப் புதிதாய்க் கோடு போட்டேன்.

வரைபில் பதினோரு புள்ளிகள்.
பத்து, கோட்டுக்குக் கீழே.
ஒன்று மேலே, தனியாக.
இருபதுக்குப் பதினாறு கிடைத்தது.
சிவப்பு மையில்: 'அச்சுகளுக்கு அலகு எங்கே?'

அலகு போட்டு ஒரு பிரதியை மடுவத்துத் தூணில் ஒட்டினோம்.
கணக்கப்பிள்ளையின் விரல்
மேலே நின்ற ஒற்றைப் புள்ளிக்குத்தான் முதலில் போனது.
"இத நீங்களாவா போட்டீங்க?"
பதிலுக்கு நிற்கவில்லை. கைப்பேசியில் படம் எடுத்தார்.
மறுநாளும் ரெண்டு கழிந்தது.

சனிக்கிழமை வெயில்.
வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்
தட்டு ஆடி நிற்பதற்குள் கேட்டது:
"இன்னைக்கு எத்தனை தண்ணி, கணக்கப்பிள்ள?"
யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

தராசுத் தட்டின் அடியில்
ஒரு கொழுந்து காய்ந்து ஒட்டியிருந்ததாம்.
ரெண்டு நாள் பருப்பு நிறுத்ததில்
அஞ்சு கிராம் போச்சு என்று குறைப்பட்டார் முத்துவேலு.

நாங்கள் நம்பவில்லை.
கொழுந்தைச் சுரண்டி எடுத்து
தட்டில் வைத்தோம்.