தண்டவாளத்துக்கு ஒரு படலை

முதல் கூட்டத்தில் உண்ணாவிரதம் என்று முடிவானது.
யூஜின் கணக்கும் போட்டுவிட்டான்:
தகரம் பன்னிரண்டு, கதிரை அறுபது,
தண்ணீர்ப் போத்தல் நாலு பெட்டி.
துவாரகனின் முப்பத்தொன்று முடிந்து
நாலே நாள்.

அடுத்த கூட்டத்தில் மறியல்.
"யாழ்தேவியை மறிச்சால் கொழும்புக்குக் கேக்கும்."
"கேக்கும்" என்றாள் மங்களேஸ்.
"மறிச்ச பெடியன்ரை பேர் கேக்கும்.
படலை கேக்காது."

வேறொரு பந்தலில்
வேறொரு படத்தை மடியில் வைத்து
ஆயிரத்துச் சொச்சம் நாள் இருந்தவள்.
"பந்தலை நான் பிழை சொல்லேல்லை, தம்பி.
எதிரிலை ஆர் இருக்கினம் எண்டு
பாத்துப்போட்டுப் போடுங்கோ.

இதுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?"

மீசாலைச் சனசமூக நிலையத்தில்
ஒருவருக்கும் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்கவே மூன்று கிழமை.
வீதி எங்கடை, தண்டவாளம் இல்லை என்றது பிரதேச சபை.
தண்டவாளம் எங்கடை, வீதி இல்லை என்றது றெயில்வே.
இரண்டு இல்லைக்கும் நடுவே
ஐந்தரை அடி.
துவாரகனின் சைக்கிள் கிடந்தது
அந்த ஐந்தரை அடியில்.

கடைசியில் அனுராதபுரத்தில் ஒரு பொறியியலாளர்.
ஐப்பசிக்குள் பட்டியல் எழுதுகிறவர்.
நாங்கள் கொண்டுபோன படத்தை
இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார், திருப்பித் தந்தார்,
நாளொன்றுக்கு எத்தனைபேர் கடக்கிறார்கள் என்று கேட்டார்.

பவளராணி கடைவாசலில் வாங்கு போட்டு
ஏ.எல். பெடியள் எண்ணினார்கள்.
சைக்கிள், ஓட்டோ, புகையிலை ஏற்றிய லாண்ட்மாஸ்டர்,
பதினேழு ஆடு
(ஆட்டை எழுதுவதா என்று அரை மணித்தியாலம் சண்டை).
கூட்டிப் பார்த்தால் காணாது.

"மச்சான்மாரைக் கூட்டிவந்து
பத்துத்தரம் ஓடவிடுவம்" என்றான் யூஜின்.
எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.
மங்களேஸ் கொப்பியை மூடினாள்.
"ஒரு பொய் பிடிபட்டால்
துவாரகனும் பொய்யாப் போயிடுவான்."

அன்று இரவு மறுபடி பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.
காலை ஏழு தொடக்கம் ஏழரை வரை
ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட இல்லை.
வடக்குப் பக்கத்தில் நாற்பது வீடு,
அங்கிருந்து எழுதுமட்டுவாழ்ப் பெரியாசுபத்திரிக் கிளினிக்குக்கு வரும்
ஒரு பிள்ளைத்தாய்ச்சிகூட இல்லை.
எல்லோரும் பெரிய ரோட்டால்
இரண்டு கட்டை சுற்றிப் போகிறார்கள்,
சாவு நடந்த நாளிலிருந்து.

கடக்கிறவர்களை எண்ணச் சொன்னார்கள்.
கடக்காதவர்களை எண்ணத் தொடங்கினோம்,
வீடு வீடாக, பெயரோடு.

கடிதத்தைச் சிங்களத்தில் எழுதித் தந்தவன்
பேக்கரி லலித்.
'தாழ்மையுடன்' என்ற சொல்லை வெட்டினான்.
"எண் இருக்குத்தானே, அது போதும்."

ஒரு கூட்டத்துக்கும் வராத துவாரகனின் தாய்
படலைக்குள் நின்றபடி சொன்னாள்:
"நானும் சுத்தித்தான் போறன். எழுது."
நூற்றுப் பதினாலு.

ஐப்பசி பிறந்து ஒன்பது நாள்.
பதில் இல்லை.
யூஜின் தகரத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
மங்களேஸ் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.